ராகு காலம் முடிஞ்ச நிமிஷம்

"பெரம்பலூர்ல ஐடி கம்பெனியா?"ன்னு யாராவது கேட்டா எனக்கு இன்னிக்கும் சுர்ருன்னு ஏறும். கேள்வி கூடப் பரவால்ல. கேக்குறப்ப வாயோரத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதைத்தான் தாங்க முடியாது. ஒரு தடவை திருச்சி பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா, "ஓ, டைப்பிங் சென்டரா?"ன்னு கேட்டாங்க. "இல்லைங்க, லாரி ஓட்டுறோம்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். பாடாலூர் வர்ற வரைக்கும் அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு வந்தாங்க.

நான் சொன்னது ஒண்ணும் பொய் இல்ல. எந்த லாரி எந்த பேக்டரிக்குப் போகணும், எப்ப லோடு ஏத்தணும், எந்த வழியா திரும்பணும், எல்லாத்தையும் எங்க கம்பெனி சாப்ட்வேர்தான் சொல்லும். அதுல பேக்டரி வாசல்ல நிக்கிற லாரி வரிசையப் பாத்துக்கிற பகுதி இருக்கே, அது என்னோடது. நான் யோசிச்சது, நான் எழுத ஆரம்பிச்சது. இன்னிக்கு வெளி மாநிலத்துல எல்லாம் ஓடுது. பெருமையடிக்கிறேன்னு நெனச்சா நெனச்சுக்கோங்க. அடிக்கத்தான் போறேன்.

நான் வேலைக்குச் சேந்தப்போ கம்பெனி ஒரு உரக்கடை மாடியில இருந்துச்சு. படியேறும்போதே பூச்சிமருந்து வாடை மூக்குல ஏறும். கீழ மருந்து வாங்க வந்த விவசாயிங்க சில பேரு வழி தெரியாம மேல ஏறி வந்து, "வெங்காயத்துல கோழிக்கால் நோய் வந்துருச்சு, என்னங்க அடிக்கிறது?"ன்னு எங்ககிட்டயே கேப்பாங்க. எங்க டீம்ல வெங்காயம் போடுற வீட்டுப் பையன் ஒருத்தன், கம்ப்யூட்டரை விட்டு எந்திரிச்சு நின்னு பதிலும் சொல்லி அனுப்புவான். முதலாளி இந்த ஊர்க்காரரு. வெளியூர்ல பெரிய பெரிய கம்பெனியில இருந்துட்டு, இங்கயே ஆரம்பிக்கிறேன்னு வந்தவரு. அவரை நாங்க எங்க சார்னுதான் சொல்லுவோம். அவரு ஆபீஸ் கூட்டிட்டுத்தான் உக்காருவாரு, கூட்டுற ஆளு வைக்க அப்ப வசதி இல்ல.

அப்புறம் வளந்துச்சு பாருங்க ஒரு வளத்தி! வாரா வாரம் புது நாற்காலி வரும். நாற்காலி வந்து சேர்றதுக்குள்ள ஆளு வந்துருவாங்க, அதனால புதுசா சேந்த பிள்ளைங்க மொத ரெண்டு நாள் படிக்கட்டுல உக்காந்து வேலை பாப்பாங்க. எனக்குப் பதவி மாறுன வேகத்துல ஐடி கார்டு அடிச்சுக் குடுக்க முடியல, "இருக்கறதையே போட்டுக்கோங்க மேடம், அடுத்த மாசம் எப்படியும் மாறிரும்"னு விட்டுட்டாங்க. பைபாஸ் பக்கம் சொந்தக் கட்டடம் வந்துச்சு. காலையில குரும்பலூர் பஸ்ல, அரியலூர் பஸ்ல, துறையூர் பஸ்ல இருந்து பிள்ளைங்க இறங்கி, கழுத்துல கார்டைத் தொங்கவிட்டுக்கிட்டு வரிசையா நடந்து வர்றதைப் பாத்தா எனக்கு நெஞ்சு நெறஞ்சுரும். பாதிப் பேரு காட்டு வேலை பாத்த கையோட படிச்சு வந்ததுங்க.

அதுக்கப்புறம்தான் சென்னையில ஆபீஸ் போட்டாங்க. கவனிச்சுக்கோங்க, மொதல்ல பெரம்பலூர், அப்புறம்தான் சென்னை. ஆனா சென்னை ஆபீஸ் வந்த கொஞ்ச நாள்லயே நாங்க கிளை மாதிரியும் அவங்க தலைமை மாதிரியும் ஆயிப்போச்சு. பெரிய பெரிய கம்பெனியில இருந்து அனுபவசாலிங்க எல்லாம் அங்க சேந்தாங்க. அதுக்கு ஒரு தலைவரு. கெட்டிக்காரரு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா வீடியோ மீட்டிங்ல "பெரம்பலூர் டீம் சப்போர்ட் பண்ணட்டும்"னு அவரு சொல்றப்ப எனக்கு மிளகாயக் கடிச்ச மாதிரி இருக்கும்.

இப்ப எங்கப்பாவைப் பத்திச் சொல்லணும். அவரு லாரி டிரைவரு. சிமெண்ட் லோடு. எங்க வீடு குரும்பலூர் பக்கம், அவரு லோடு ஏத்துறது அரியலூர் பக்கத்து பேக்டரியில. பஸ்ல வந்தா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனா வர முடியாது. ஏன்னா யார்டுல லாரி வரிசையில நிக்கும். முறை வந்தா மைக்ல வண்டி நம்பரைக் கூப்புடுவாங்க. கூப்புடுறப்ப ஆளு இல்லன்னா முறை போச்சு, திரும்பக் கடைசியில போயி நிக்கணும். எப்பக் கூப்புடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. மத்தியானம் கூப்புடலாம், மறுநாளும் கூப்புடலாம். அதனால குளிக்கக்கூட தூரமாப் போக மாட்டாங்க. வண்டிக்கு அடியிலயே துண்டை விரிச்சுப் படுத்துக் கெடப்பாங்க.

எங்க வீட்ல எதைக் கேட்டாலும் பதில் ஒண்ணுதான். அப்பா எங்க? க்யூல நிக்கிறாரு. ஸ்கூல்ல கையெழுத்துப் போட அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. க்யூல நிக்கிறாரு. தீபாவளிக்கு வருவாரா? வண்டி க்யூல நிக்குது. எங்கம்மா சோறு ஆக்கி, ஒரு தட்டுல போட்டு மூடி வச்சுட்டு, கடைசியில அவங்களே அதைச் சாப்புடுவாங்க. என் கல்யாணத்துக்கு அப்பா முகூர்த்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்து சேந்தாரு, காது மடல்ல சிமெண்ட் தூசியோட. தாரை வாத்துக் குடுக்குறப்ப அந்தத் தூசி என் புடவையில உதிந்துச்சு. எனக்குக் கோவமா அழுகையான்னு தெரியல. அவரு மேல இல்ல, அந்த வரிசை மேல.

அதனாலதான் நான் அந்த சாப்ட்வேரை யோசிச்சேன். பெரிய விஷயம் எல்லாம் இல்ல. டிரைவர் யார்டுக்குள்ள வந்ததும் போன்ல ஒரு பட்டனை அமுக்கணும். யாரு மொதல்ல அமுக்குறாங்களோ அவங்களுக்கு மொத டோக்கன். முன்னாடி எத்தனை வண்டி இருக்கு, தோராயமா எப்ப முறை வரும்னு போன்லயே காட்டும். முறை வர்றதுக்கு முன்னாடியே மணி அடிச்சுக் கூப்புடும். அதுவரைக்கும் மனுசன் எங்க வேணா போலாம். குளிக்கலாம், தூங்கலாம், வீட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு திங்கலாம்.

அப்பா லோடு ஏத்துற அந்த பேக்டரியே இதை மொதல்ல வாங்க ஒத்துக்கிச்சு. அவங்களுக்கு வேற ஊர்லயும் பேக்டரிங்க இருக்கு. இங்க நல்லா ஓடுனா எல்லாத்துக்கும் எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. அன்னிக்கு மீட்டிங்ல சென்னைத் தலைவரு, "இவ்ளோ பெருசா ஆகப்போகுதுன்னா இதை சென்னைக்கு மாத்திரணும். லீடு இங்க இருக்கணும். அவங்க விரும்புனா இங்க வரட்டும்"னு என்னைப் பத்தி, நான் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே சொன்னாரு.

"நான் வர மாட்டேன் சார்"னேன். வர முடியாதுன்னு சொல்லல. வீட்டுக்காரரு வேலை, பிள்ளை ஸ்கூலுன்னு ஆயிரம் சாக்கு சொல்லியிருக்கலாம், ஒண்ணும் சொல்லல. இது இங்க பொறந்தது, இங்கயே வளரட்டும்னு மட்டும் சொன்னேன். எங்க சார்தான் வாயைத் தொறந்தாரு. "திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம். நல்லா நடந்தா அவங்கதான் லீடு, இங்கதான் இருக்கும். தடுமாறுச்சுன்னா சென்னைக்குப் போகட்டும். ரெண்டு பேருக்கும் சரிதானே?" சரின்னுட்டோம்.

திங்கட்கிழமை காலையில எட்டு மணின்னு சென்னையில இருந்து நேரம் குறிச்சாங்க. இங்க பெரம்பலூர்ல நாங்க அத்தனை பேரு இருந்தோம், ஒருத்தராவது வாயத் தொறந்தோமா? இல்ல. திங்கட்கிழமை ஏழரையில இருந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம்னு எங்க ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். எங்க புதுக் கட்டடத்துக்குப் பால் காய்ச்சுனப்ப, ராகு காலம் முடியட்டும்னு எங்க சாரே வெயில்ல நின்னவரு. அவ்ளோ ஏன், அன்னிக்குக் காலையில எங்கம்மா எனக்கு போன் போட்டு, "ஏழரைக்குள்ள வூட்ட விட்டுக் கிளம்பிரு ஆயி, மொத மொதப் போற காரியம்"னாங்க. நானும் அடிச்சுப் புடிச்சு ஏழு மணிக்கே கிளம்பிட்டேன். கிளம்புனதோட ராகு காலம் முடிஞ்சதுன்னு மனசுல இருந்து தூக்கிப் போட்டுட்டேன். ரொம்பத் தெரிஞ்ச விஷயம் இருக்கே, அது கண்ணுக்கே தெரியாது போங்க.

யார்டு ரொம்பி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமையே வந்து நின்ன வண்டிங்க, விடிகாலையில வந்ததுங்க, எல்லாம் வெள்ளைத் தூசியில முங்கிப் போயி நின்னுச்சுங்க. அப்பாவும் வந்திருந்தாரு. அந்த வாரம் வேற பக்கம் லோடு இருந்தும் அதை மாத்திக்கிட்டு, "எம்பொண்ணு பட்டனை நான் அமுக்காம எவன் அமுக்குறது"ன்னு ஞாயித்துக்கிழமையே வந்து நின்னுட்டாரு. யார்டுல என்னைப் பாத்ததும் தெரியாத மாதிரி நின்னுக்கிட்டு, கையை மட்டும் லேசாத் தூக்குனாரு. வேலை எடத்துல சொந்தம் கொண்டாடக் கூடாதாம்.

கேட் பக்கத்து ரூம்ல எங்க சாரும் பேக்டரியோட பெரிய அதிகாரியும் உக்காந்திருந்தாங்க. சென்னைத் தலைவரு எங்க சாரோட போன்ல, ஸ்பீக்கர்ல. எங்க டீம்ல மீன்சுருட்டித் தம்பின்னு ஒருத்தன், அவன் பெரம்பலூர் ஆபீஸ்ல சர்வரைப் பாத்துக்கிட்டு இருந்தான். மீன்சுருட்டியில இருந்து மூணு பஸ் மாறி வந்தாலும் ஒரு நாள் லேட்டா வராதவன். இந்த சாப்ட்வேர்ல என் மூளை பாதி, அவன் கை பாதி.

எட்டு மணிக்கு ஆரம்பிச்சாச்சு. திரையில டோக்கன் எண்ணிக்கை சைபர். அஞ்சு நிமிஷம் ஆச்சு, சைபர். கால் மணி ஆச்சு, சைபர். "என்னாச்சு? ஓடுதா இல்லையா?"ன்னு சென்னையில இருந்து கேக்குறாரு. பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பாக்குறாரு. போன வாரம் பூரா ஒவ்வொரு டிரைவருக்கும் எங்க பிள்ளைங்க சொல்லிக் குடுத்தாங்க, அத்தனை பேரும் ஆசை ஆசையா அமுக்கிப் பழகுனாங்க. இப்ப ஒருத்தரும் போனைத் தொடல. டீக்கடையில கும்பலா நின்னு டீ குடிக்கிறாங்க. கிளீனருங்க வண்டிக்கு முன்னாடி சூடம் எடுத்து வைக்கிறாங்க.

நான் வெளிய ஓடி ஒரு டிரைவர்கிட்ட, "ஏண்ணே, அமுக்கலையா?"ன்னேன்.

"அமுக்குறோம் மேடம். எங்க போயிரப் போவுது."

"இப்ப அமுக்குனா என்ன?"

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "மேடம் எந்த ஊரு? ராகு காலத்துல யாராச்சும் புதுசா ஒண்ணைத் தொடுவாங்களா?"

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. ரூமுக்குள்ள போயி போன்ல, "சார், ராகு காலம் சார். ஒம்போதுக்கு அமுக்குவாங்க"ன்னேன். "சீரியஸாவா?"ன்னாரு. "ஆமா சார்"னேன். எங்க சார் நெத்தியில கை வச்சுக்கிட்டாரு. பெரிய அதிகாரி மட்டும், "அட, நானும் காலையில கொஞ்சம் முன்னாடியேதான் கிளம்புனேன்"னு சிரிச்சாரு. ஒரு பெரிய கண்டம் தாண்டுன மாதிரி நான் ஒரு டீ வாங்கிக் குடிச்சேன். ஒம்போது மணிக்கு என்ன ஆகும்னு யோசிக்கவே இல்ல பாருங்க.

ஒம்போது மணி ஆச்சு. யார்டு பூரா ஒரே நேரத்துல அமைதியாச்சு. டிரைவருங்க எல்லாம் போனைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, கட்டை விரலால ஒரே அமுக்கு. அத்தனை பேரும், அதே நிமிஷத்துல. கொஞ்சங் கொஞ்சமா வர்ற வண்டிக்கு ஏத்த மாதிரிதான் நாங்க சர்வரை வச்சிருந்தோம், இப்பிடிக் கோயில் நடை தொறந்த மாதிரி வந்து விழுவாங்கன்னு கண்டோமா? போன்ல வட்டம் சுத்துது, டோக்கன் வரல. வரலன்னதும் இன்னொரு தடவை அமுக்குறாங்க. பக்கத்துல இருக்கறவன் அமுக்குறதைப் பாத்துட்டு இன்னும் வேகமா அமுக்குறாங்க. சர்வர் படுத்துருச்சு.

"என்னா மேடம் இது, வரவே மாட்டேங்குது!" "எனக்கு முன்னாடி அவனுக்கு வந்துருமா?" ஆரன் அடிக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தரு அடிச்சா போதாதா, யார்டே அலறுது.

போன்ல சென்னைத் தலைவரு குரல் ரொம்ப நிதானமா வந்துச்சு. "நிறுத்திருங்க. பழையபடி மைக்ல கூப்புடச் சொல்லுங்க. இதுக்கு மேல நாங்க பாத்துக்கறோம்." பெரிய அதிகாரி எந்திரிச்சு மைக் பக்கம் போறாரு. எங்க சார் என்னைப் பாத்தாரு. அந்த மைக்ல ஒரு வண்டி நம்பரைக் கூப்புட்டுட்டா அவ்ளோதான், என் சாப்ட்வேர் சென்னைக்குப் போயிரும், எங்கப்பா வண்டிக்கு அடியில போயிப் படுத்துக்குவாரு.

மீன்சுருட்டித் தம்பிக்கு போன் போட்டேன். "அக்கா, கொஞ்ச நேரம் யாரும் அமுக்காம இருந்தாப் போதும், நான் தூக்கி நிறுத்திருவேன். ஒரு ஆளு விடாம எல்லாரும் அமுக்கிக்கிட்டே இருக்காங்க. நிறுத்தச் சொல்லுங்க"ன்னான்.

"எப்பிட்றா சொல்றது?"

"எனக்கு என்னக்கா தெரியும், நீங்கதானே அங்க நிக்கிறீங்க!"

நியாயமான பேச்சு. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். நம்ம ஜனங்களை நிறுத்துன்னா நிறுத்துவாங்களா? நிறுத்துனா முறை போயிரும்னு பயம். அந்தப் பயத்தைத்தான் நான் பொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். மைக்ல கூப்புடுறப்ப ஆளு இல்லன்னா முறை போயிரும்னு பல வருசம் நின்னவங்க, இப்ப பட்டன்ல முறை போயிரும்னு நிக்கிறாங்க. நான் வரிசையை மாத்தல, சும்மா போனுக்குள்ள கொண்டு போயி வச்சிருக்கேன். அப்பதான் எனக்கு அது ஒறச்சுது.

பெரிய அதிகாரி கையில இருந்து மைக்கை வாங்கிட்டேன். வாங்குனேனா புடுங்குனேனான்னு எங்க சார்கிட்டதான் கேக்கணும்.

"அண்ணே, எல்லாரும் கேளுங்க! மொதல்ல அந்த ஆரனை நிறுத்துங்க, காது போவுது. நல்ல நேரத்துல எல்லாரும் அமுக்கிட்டீங்க, காரியம் முடிஞ்சது. இனிமே அமுக்க வேணாம். டோக்கன் அமுக்குன நேரத்துக்கு இல்ல. உங்க வண்டி கேட்டுக்குள்ள நுழைஞ்ச நேரத்துக்கு. யாரு மொதல்ல உள்ள வந்தாங்களோ அவங்களுக்குத்தான் மொத டோக்கன். யாரு முறையையும் யாரும் புடுங்க முடியாது. போனைப் பையில வைங்க. நான் லாரி டிரைவர் பொண்ணு, உங்களை ஏமாத்த மாட்டேன்."

ஆரன் ஒண்ணொண்ணா நின்னுச்சு. நான் மைக்கை அணைச்சுட்டு மறுபடி தம்பிக்கு போன் போட்டேன். "டேய், வண்டி நுழைஞ்ச நேரத்தை வச்சுத்தான் டோக்கன்னு மைக்ல சொல்லிட்டேன்."

"அக்கா! நாம அப்பிடி எழுதவே இல்லையே!"

"தெரியும்டா. இப்ப எழுது. கேட்ல பதியுற வண்டி நம்பரும் நேரமும் நேத்துல இருந்தே நம்ம சர்வருக்குத்தானே வருது? அதை வச்சு வரிசை போடு."

"சொல்லிட்டு மாத்துறதா, மாத்திட்டுச் சொல்றதாக்கா?"ன்னு பல்லைக் கடிச்சான். ஆனா அவன் பேசும்போதே தட்டுற சத்தம் கேட்டுச்சு. அவன் அப்பிடித்தான். திட்டிக்கிட்டே செய்வான்.

போன்ல சென்னைத் தலைவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. "உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தா?"ன்னாரு. "அப்புறமாத் திட்டுங்க சார், இப்ப லைன்ல இருங்க, சர்வருக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேணும், உங்க ஆளுங்கதான் குடுக்கணும்"னேன். நான் இப்பவும் சொல்றேன், அவரு நல்ல மனுசன். அந்த எடத்துல வீம்பு புடிக்கல. அவரோட ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்புட்டு, வேலையை முடுக்கிவிட்டாரு.

அதுக்குள்ள நான் யார்டை அமைதியா வச்சிருக்கணுமே. மைக்ல பேசிக்கிட்டே இருந்தேன். "பாப்பா, சும்மா பேசுறதுக்குப் பதிலா ஒரு பாட்டுப் பாடு"ன்னு ஒருத்தரு கத்துனாரு. "நான் பாடுனா இருக்கற லாரியும் ஓடிரும்ணே"ன்னேன். சிரிச்சாங்க. சிரிச்ச சனம் பட்டனை அமுக்காது. மொதல்ல வந்தது யாருன்னு கேட்டேன். அவங்களுக்குள்ளயே, "அந்த ஆந்திரா வண்டிதான், ஞாயித்துக்கிழமை மத்தியானமே வந்துருச்சு"ன்னாங்க. அப்ப, பின்னாடி இருந்து ஒரு போன் மணி அடிச்சுது. அந்த ஆந்திரா வண்டிக்காரருதான். போனைத் தலைக்கு மேல தூக்கிக் காமிச்சாரு. டோக்கன் ஒண்ணு. அப்புறம் பக்கத்துல ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, யார்டு பூரா மணி அடிக்க ஆரம்பிச்சுது. நான் மைக்கை வச்சுட்டு அப்பிடியே நாற்காலியில உக்காந்துட்டேன். எங்க சார் எனக்குத் தண்ணி பாட்டில் தொறந்து குடுத்தாரு.

எங்கப்பாவுக்கு நடுவுல எங்கயோ ஒரு டோக்கன். சாயங்காலம்தான் முறைன்னு போன்ல காட்டிருச்சு. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, அரியலூர் ஸ்டாண்டுக்குப் போற மினி பஸ்ல ஏறிட்டாரு. மத்தியானம் எங்கம்மா போன் போட்டாங்க. "உங்கப்பா வூட்டுல உக்காந்து சோறு திங்கிறாரு ஆயி. லோடு ஏத்துற அன்னிக்கு!" சொல்லிட்டு போனை வச்சுட்டாங்க. பேக்டரி பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நல்லா அழுதேன், வெக்கமே இல்ல.

மறுநாள் மீட்டிங். என்ன நடந்துச்சுன்னு சென்னைத் தலைவரு கேட்டாரு. ராகு காலம் முடிஞ்ச நிமிஷம் எல்லாரும் அமுக்குனாங்கன்னு சொன்னேன். அந்தப் பக்கம் பத்துப் பேரு சிரிச்சாங்க, அவரு சிரிக்கல. "அதுல ஒண்ணு எனக்குப் புரியல. ராகு காலம் பாக்குறவங்க சில பேரு ஒம்போது மணிக்கு அமுக்குவாங்க, சில பேரு அஞ்சு நிமிஷம் கழிச்சு அமுக்குவாங்க, சில பேரு எதையுமே பாக்க மாட்டாங்க. வெளி மாநில வண்டிங்க வேற. அத்தனை பேரும் எப்பிடி ஒரே நிமிஷத்துல அமுக்குனாங்க?"ன்னாரு.

நல்ல கேள்வி. தெரியல சார்னு சொன்னேன்.

"சரி. செய்யாத ஒண்ணை மைக்ல சொல்லிட்டு, அப்புறம் செஞ்சீங்க. இல்லையா?"

"ஆமா சார்."

"இனிமே அப்பிடிப் பண்ணாதீங்க"ன்னாரு. அப்புறம் லேசாச் சிரிச்சாரு. "ஆனா நான் சென்னையில உக்காந்து எந்த மைக்கைப் புடுங்கியிருக்க முடியும்? லீடு அங்கயே இருக்கட்டும்." எங்க சார் மேசையைத் தட்டுனாரு. மீன்சுருட்டித் தம்பி நாற்காலியோட ஒரு சுத்து சுத்துனான். நான் மட்டும் ரொம்ப அடக்கமா, "தேங்க்யூ சார்"னு சொன்னேன். உள்ளுக்குள்ள கெடா வெட்டு நடந்துச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு நான் மறுபடி அந்த யார்டுக்குப் போயிருந்தேன், எல்லாம் எப்பிடிப் போவுதுன்னு பாக்க. டீக்கடையில அந்த ஆந்திரா வண்டிக்காரரு இருந்தாரு. அரைகுறைத் தமிழ்ல, "உங்க நாயனா நல்ல மனுசன்மா"ன்னாரு. எங்கப்பாவை இவருக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டேன். அவரு சொன்னதைக் கேட்டு நான் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல இருந்து திங்கட்கிழமை விடியுற வரைக்கும் எங்கப்பா கையில கல்கண்டுப் பொட்டலத்தோட, வண்டி வண்டியா ஏறி எறங்கியிருக்காரு. ஒருத்தரு விடாம கல்கண்டு குடுத்திருக்காரு. "நாளைக்குப் போன்ல வரப்போறது எம்பொண்ணு செஞ்சது. மொத மொத ஆரம்பிக்கிறோம். எட்டு மணிக்கே வரும், ஆனா ராகு காலத்துல தொட்டுராதீங்கப்பா. சரியா ஒம்போது அடிச்சதும் எல்லாரும் சேந்து ஒண்ணா அமுக்கணும், ஒரு ஆளு விடக் கூடாது, எம்பொண்ணுக்கு நல்லா வரணும்"னு ஒவ்வொருத்தருகிட்டயும் கேட்டு, சரின்னு சொல்ல வச்சுட்டுத்தான் எறங்கியிருக்காரு. ராகு காலம்னா என்னன்னே தெரியாத வடக்கத்தி வண்டிக்காரருக்குக் கூட கையைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டிப் புரிய வச்சிருக்காரு.

என் சர்வரைப் படுக்க வச்சது எங்கப்பா! ஆசீர்வாதம் பண்ணிப் படுக்க வச்சிருக்காரு மனுசன். எனக்குக் கோவம் வரணும்ல? வரவே இல்ல. வேலை எடத்துல சொந்தம் கொண்டாடக் கூடாதுன்னு தெரியாத மாதிரி நின்னாரே, அதை நெனச்சேன். வாழ்நாள் பூரா ஒரு வார்த்தை பாராட்டாத ஆளு, யார்டு பூரா போயி எம்பொண்ணு எம்பொண்ணுன்னு சொல்லியிருக்காரு. டீக்கடை பெஞ்சுல உக்காந்து சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சேன். ஆந்திராக்காரரு பயந்து போயி இன்னொரு டீ சொன்னாரு.

சென்னைத் தலைவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் நான் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. எங்கப்பாகிட்டயும் கேக்கல. தெரிஞ்சா அந்த மனுசன் ஒடைஞ்சு போயிருவாருன்னு பயந்தேன். தம்பிகிட்ட மட்டும், யார்டு பூரா ஒரே நொடியில அமுக்குனாலும் விழக் கூடாதுன்னு சொன்னேன். ஏன் எதுக்குன்னு கேக்காம, திட்டிக்கிட்டே செஞ்சான். இப்ப எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு மொத நாள் சொல்லித் தர்ற பாடமே இதுதான்: எந்த ஊர்ல ஆரம்பிச்சாலும், அந்த ஊர் சனம் எப்ப நல்ல நேரம் பாக்கும்னு கேட்டுட்டு ஆரம்பி. சென்னையில இருந்து வர்றவங்களுக்கும் நாங்கதான் சொல்லித் தர்றோம்.

போன மாசம் வேற மாநிலத்துல புது பேக்டரி. கிளம்புறதுக்கு மொத நாள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா வண்டி யார்டுல நிக்குது, டோக்கன் மறுநாளைக்குக் காட்டுது. மனுசன் வீட்ல உக்காந்து, ரசம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல உக்காந்து சாதாரணமாத்தான் கேட்டேன்.

"புது எடத்துல ஆரம்பிக்கிறோம்ப்பா. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சா நல்லது?"

அவரு சட்டுன்னு தலையைத் தூக்கல. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு.

"நீ எப்ப வேணா ஆரம்பிம்மா"ன்னாரு. "இந்தத் தடவ நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

எத்தனை நாளா இதை மனசுல வச்சுக்கிட்டு இருந்தாரோ தெரியல.

"இல்லப்பா, சொல்லுங்க"ன்னேன். "எல்லாருகிட்டயும் சொல்லுங்க. இப்பத் தாங்கும்."